சேர்மமும் காம்பவுண்டும்

முப்பத்தொன்பது வயதில் நான் மறுபடியும் பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டேன். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சமூக அறிவியல் நாலிலும் பதினாறு வயதிலேயே தேறியவள் நான். அறிவியலில் மட்டும் கோட்டை விட்டேன். அதற்கப்புறம் யாரும் என்னைப் படி என்று சொல்லவில்லை, நானும் படிக்கிறேன் என்று அடம்பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி, சிவகங்கைப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வந்து சேர்ந்தேன். பதினாறு வருஷக் குடித்தனத்தில் சமையலுக்கோ சண்டைக்கோ அறிவியல் தேவைப்படவே இல்லை.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பெர்மனன்ட். நிலக்கரி ஓடுகிற பெல்ட்டைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. நான் அடுப்படியில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தேன். "இன்னுமா கட்டுறீக?" என்று அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது அதுதான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி வாய் வலித்துப்போனதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

காரியங்கள் முடிந்து ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் நல்ல மனுஷர். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பதறாமல் சொன்னார். வேலையிலிருக்கும்போது இறந்தவரின் மனைவி வேலை கேட்டு மனு கொடுக்கலாம். பத்தாவது தேறியிருந்தால் உள்ளே உட்கார்ந்து பார்க்கிற ஏதாவது ஒரு வேலைக்கு வழி உண்டு. வேலை வந்தால் குவார்ட்டர்ஸும் இருக்கும். இல்லையென்றால் கெடு முடிந்ததும் காலி செய்ய வேண்டியதுதான். இன்னொன்றும் சொன்னார். எனக்கு வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தால், என் வீட்டுக்காரரின் தம்பிக்காகக் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்கும் என்று அவர் சொல்லவில்லை, கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை நான் வீடு வந்து சேருவதற்குள் சிவகங்கைக்கு, என் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. எப்படிப் போனதென்று இன்றுவரை தெரியாது.

கொழுந்தனுக்கு இருபத்தொன்பது வயது. பட்டப் படிப்பு முடித்துவிட்டு, சிவகங்கையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் மதுரையில் ஒரு செல்போன் கடையில் நின்றுகொண்டிருந்தான். கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. அத்தை, அதாவது என் மாமியார், அவனோடுதான் இருந்தார். அவனுக்கும் வேலை வேண்டும், எனக்கும் வேலை வேண்டும். இருப்பது ஒன்று. கதை இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் போன் வரும். பேசுவதற்கு முன்னால் தொண்டையை ஒரு தடவை கனைப்பான். "மதினி, நல்லாருக்கீகளா?" என்பான். அப்படியே அவன் அண்ணன் குரல். முகத்தில் ஒரு ஜாடையும் கிடையாது, நிறம் வேறு, உயரம் வேறு. குரல் மட்டும் அச்சு. அவர் போன பிறகு முதல் தடவை போனில் கேட்டபோது அரிசி களைந்துகொண்டிருந்த கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஷிப்டு முடிந்து வந்து கதவைத் தட்டும்போது நான் உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்பேன். யாரென்று தெரியும். தட்டுகிற விதத்திலேயே தெரியும். இருந்தாலும் கேட்பேன். "நாந்தான். வேற யாரு வரப்போறா?" என்பார். பதினாறு வருஷமாக ஒரே கேள்வி, ஒரே பதில். சலித்ததே இல்லை. அந்தக் குரல்தான் இப்போது வாரம் ஒரு தடவை கையெழுத்துக் கேட்டது.

புத்தகம் வாங்கினேன். இயற்பியல், உயிரியல் எல்லாம் எப்படியோ தலையில் ஏறிவிட்டன. வேதியியலில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். தனிமம், சேர்மம், கலவை, கரைசல். நாலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒன்றையொன்று ஒத்திருந்தன. எது எது என்று பிடிபடவில்லை. மனப்பாடம் செய்தால் காலையில் இருப்பது சாயந்திரம் காணாமல் போனது. எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். ஒருநாள் புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். பிறகு நானே போய் எடுத்து, கிழிந்த பக்கத்தை ஒட்டினேன். வேறு யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

அப்புறம் ஒரு யோசனை வந்தது. அடுப்படியில் செய்து பார்த்தால் என்ன? கல்லுப்பில் ஒரு பிடி மண்ணைக் கலந்தேன். கண்ணுக்கு உப்பு வேறாகவும் மண் வேறாகவும் தெரிந்தது. இது கலவை. இரண்டும் தத்தம் குணத்தோடுதான் இருக்கின்றன, சும்மா பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. தண்ணீர் ஊற்றிக் கலக்கினேன். உப்பு கரைந்தது, மண் அடியில் தங்கியது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். மண் துணியில் நின்றுவிட, தெளிந்த தண்ணீர் கீழே இறங்கியது. அந்தத் தண்ணீர்தான் கரைசல். பார்த்தால் வெறும் தண்ணீர். மேலே தொட்டு நக்கினாலும் கரிக்கிறது, கீழே தொட்டு நக்கினாலும் அதே அளவு கரிக்கிறது. கரைசலும் ஒரு கலவைதான், எங்கே தொட்டாலும் ஒரே சீராக இருக்கிற கலவை. அதை வாணலியில் ஊற்றிச் சுண்டக் காய்ச்சினேன். தண்ணீர் போய், வெள்ளையாக உப்பு ஓரத்தில் பூத்து நின்றது.

சந்தோஷம் தாங்கவில்லை. "இங்க வந்து பாருங்களேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வீட்டில் யாருமில்லை என்பது உறைத்தது. வாணலியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். ஒரு வாணலி உப்பைக் காட்ட ஒரு ஆள் இல்லையே என்று அன்றைக்கு அழுதேன். அவர் செத்தபோதுகூட அப்படி அழவில்லை. அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

தெவிட்டிய கரைசல் என்று ஒன்று படித்தேன். தண்ணீரில் ஒரு பொருளைப் போட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்துக்கு மேல் கரையாது, அடியில் தங்கிவிடும். அந்தச் சூட்டில் அந்தத் தண்ணீர் அதற்கு மேல் வாங்கிக்கொள்ளாது. அதுதான் தெவிட்டிய நிலை. படித்த உடனே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் குடிக்கிற டீ அதுதான் என்று தோன்றியது. நாலு கரண்டி சர்க்கரை போட்டும் "இனிப்பே இல்ல" என்பார். குடித்து வைத்த டம்ளரில் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சர்க்கரை கிடக்கும். கழுவும்போதெல்லாம் திட்டுவேன். அதற்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறதென்று தெரிந்திருந்தால் பெயரைச் சொல்லியே திட்டியிருப்பேன்.

தனியாக எழுதுகிறவர்கள் செய்முறைப் பயிற்சிக்கும் போயாக வேண்டும். போகவில்லை என்றால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பஸ்ஸில் போகிற தூரத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் வகுப்பு. வந்தவர்களில் பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள். வயதான தலை இரண்டுதான். ஒன்று நான். இன்னொருத்தி நெய்வேலியை ஒட்டிய கம்மாபுரம் பக்கத்துக்காரி. எனக்கு நாலைந்து வயது இளையவள். சுரங்க ஆபீஸ் ஒன்றில் கான்ட்ராக்டில் கூட்டித் துடைக்கிற வேலை. பத்தாவது இருந்தால் கொஞ்சம் நல்ல இடத்தில் போடுவார்கள் என்று யாரோ சொல்லி வந்திருந்தாள். சொல்லிவைத்த மாதிரி இரண்டு பேரும் கடைசி மேஜையில் போய் நின்றோம்.

டீச்சருக்கு இருபத்தாறு வயது இருக்கும். தங்கமான பெண், ஆனால் பாதிப் பேச்சு இங்கிலீஷ். முதல் நாளே ஒவ்வொருவராக எழுப்பிக் கேள்வி கேட்டாள். என் முறை வந்தது. "காம்பவுண்டுன்னா என்ன, ஒரு எடுத்துக்காட்டு சொல்லுங்க" என்றாள்.

எனக்கு ஒரே குஷி. இவ்வளவு சுலபமான கேள்வி எனக்கா என்று நிமிர்ந்து நின்றேன். "எங்க பிளாக்குல காம்பவுண்டு கிடையாது மேடம், வேலிதான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிக்கெல்லாம் காம்பவுண்டு இருக்கு. ஆள் உசரத்துக்கு" என்றேன்.

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அந்தக் கட்டடமே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டாள். சேர்மம் என்றுதான் எனக்குத் தெரியும். தமிழில் படித்தவள் நான். சேர்மத்துக்கு இங்கிலீஷில் காம்பவுண்டு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பதினாறு வருஷம் நெய்வேலியில் இருந்தவளுக்குக் காம்பவுண்டு என்றால் சுவர். மானம் கப்பலேறிவிட்டது. அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படிப்பும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம், நாளைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்று பஸ் ஸ்டாப்பில் நின்றேன்.

பின்னாலேயே கம்மாபுரத்துக்காரி வந்தாள். சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த வேர்க்கடலையில் பாதியை என் மடியில் கொட்டினாள். "நீ சொன்னதுல இன்னாக்கா தப்பு? நானும் அதாங்க்கா சொல்லியிருப்பேன். எங்க கொல்லய சுத்திகினு காம்பவுண்டு போட்டுட்டாங்கன்னுதான் எங்க வூட்ல இன்னிக்கும் பேசிகினு இருக்காங்க. நமக்குக் காம்பவுண்டுன்னா தடுக்கறது. இவங்க சேர்றதுன்றாங்க" என்றாள்.

கொல்லை என்று அந்தப் பக்கத்தில் வயல்காட்டைச் சொல்வார்கள். அவர்கள் வயல் சுரங்கத்துக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. நான் எரிக்கிற கரண்டுக்கு யாருடைய கொல்லையோ போயிருக்கிறது என்பது எனக்கு அதுவரை உறைத்ததில்லை. நான் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே இருந்தேன். பஸ் வந்தது. ஏறாமல் விட்டுவிட்டு, இரண்டு பேரும் திரும்பி உள்ளே போனோம்.

அடுத்த வகுப்பில் டீச்சரே என் மேஜைக்கு வந்து, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவள் செய்து காட்டியது மனதில் நின்றுவிட்டது. இரும்புத் தூளையும் மஞ்சள் கந்தகப் பொடியையும் ஒரு தாளில் கலந்தாள். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். இரும்பு முழுக்கத் துள்ளிக்கொண்டு காந்தத்தில் ஒட்டியது, கந்தகம் தாளிலேயே கிடந்தது. இது கலவை என்றாள். பிறகு மறுபடி கலந்து, சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கினாள். உள்ளே செக்கச்செவேல் என்று ஒரு கனல் ஓடியது. விளக்கை எடுத்த பிறகும் அது தானாகவே எரிந்து பரவியது. ஆறியதும் உடைத்துக் கொட்டினாள். கறுப்பாக ஒரு கட்டி. காந்தத்தை என் கையில் கொடுத்தாள். நான் அந்தக் கட்டியின் மேல் வைத்து வைத்துப் பார்த்தேன். அசையவே இல்லை.

"உள்ள இரும்பு இருக்கா இல்லையா மேடம்?" என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் இரும்பாக இல்லை என்றாள். கந்தகத்தோடு ஒரு கணக்குப்படி சேர்ந்து வேறு ஒரு பொருளாகிவிட்டது. பழைய குணம் இரண்டுக்கும் போய்விட்டது. வடிகட்டியோ காந்தம் வைத்தோ இனிமேல் பிரிக்க முடியாது, இன்னொரு வேதிவினை நடந்தால்தான் பிரியும். இதுதான் சேர்மம்.

அன்று பஸ்ஸில் வரும்போது எங்கள் பிளாக்கை நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர்க்காரர்கள், எதிர் வீட்டில் திருநெல்வேலி, பின்னால் கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பொங்கலுக்குக் கரும்பு வரும், கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும். பதினாறு வருஷம் ஒரு குழம்பைக்கூட நாங்கள் தனியாகச் சாப்பிட்டதில்லை. ஆனால் ரிட்டயர் ஆன மறுமாதம் லாரி வந்து நிற்கும். கோயம்புத்தூர் கோயம்புத்தூருக்கும் திருநெல்வேலி திருநெல்வேலிக்கும் போய்விடும். போகும்போது கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆறு மாதம் போன் வரும், பிறகு வராது. யாரையும் குறை சொல்லவில்லை. நானும் அப்படிப் பலபேரை மறந்தவள்தான். நாங்கள் கலவை. அவரும் நானும் மட்டும் வேறு மாதிரி ஆகியிருந்தோம் என்று அன்றைக்குத் தோன்றியது. தனியாக நான் இப்போது என்னவென்று எனக்கே தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம் கொழுந்தன் நேரிலேயே வந்தான். கையில் டைப் அடித்த தாள். எனக்கு வேலை வேண்டாம், கணவரின் தம்பிக்குக் கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை என்று இருந்தது. தாளை மேஜையில் வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் ஊர்க் கதை பேசினான். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே டீ போட்டேன். கூடத்திலிருந்து அந்தக் குரல் வருகிறது. கை தானாக நாலு கரண்டி சர்க்கரை போட்டுவிட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு அவன் முகம் சுளித்தான். "சர்க்கரையே வேணாம் மதினி, நான் போட்டுக்கிறதில்ல" என்றான்.

டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கொட்டினேன். வேறு டீ போட்டுக் கொடுத்தேன். அவன் மெதுவாக ஆரம்பித்தான்.

"ஒத்தையில இங்க கெடந்து என்ன செய்யப் போறீக மதினி? அங்க வந்து அம்மாகூட இருங்க. நான் இங்கன வந்து வேலை பாத்து ரெண்டு பேருக்கும் அனுப்புறேன். அண்ணன் இருந்தா இதத்தான் சொல்லும்."

அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. சொன்னபடி அனுப்பவும் செய்வான். அதுதான் எனக்குப் பெரிய இம்சை. கெட்டவனாக இருந்திருந்தால் வாசலிலேயே பேசி அனுப்பியிருப்பேன். அத்தையோடு இருந்து, அவர் தும்மினால் தண்ணீர் கொடுத்து, கொழுந்தனுக்குக் கல்யாணமானால் வருகிறவளுக்கு மூத்தவளாகவும் பாரமாகவும் ஒரே சமயத்தில் இருந்து, மாதா மாதம் ஒருவர் அனுப்புவதை எதிர்பார்த்து... எனக்கு அது ஆகாது. எனக்கு வேண்டியது என் சாவி, என் கதவு. ஆனால் அதை அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. "பரீச்சை முடியட்டும், பாக்கலாம்" என்றேன். தாளை அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "பாக்கலாம்"தான். மனதுக்குள் முடிவு எடுத்தாகிவிட்டது. கையெழுத்துப் போடப்போவதில்லை. அதை ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து மணிக்கு முன்னாலேயே குளித்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பத்தே காலாகியும் வரவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பத்தரைக்கு வந்தது. "பஸ்ஸுல இருந்தேன் மதினி" என்றான். அப்போதும் "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

செய்முறையில் எனக்குப் பிடித்தது மயில்துத்தம் என்கிற தாமிர உப்பு. நல்ல நீலப் படிகம். விரலால் நசுக்கிப் பார்த்தால் காய்ந்த பொடி, ஒரு துளி ஈரம் கிடையாது. அதைக் குழாயில் போட்டுச் சூடாக்கச் சொன்னார்கள். சூடு ஏற ஏற நீலம் வெளுத்துச் சாம்பல் மாதிரி ஆனது. குழாயின் மேல்பக்கத்தில் பார்த்தால் தண்ணீர்த் துளிகள். "ஏது தண்ணி? நாம ஊத்தலியே" என்று கம்மாபுரத்துக்காரி என்னைப் பார்த்தாள். தண்ணீர் முதலிலிருந்தே படிகத்துக்குள் இருந்தது என்றாள் டீச்சர். ஒவ்வொரு பங்கு உப்போடும் ஐந்து பங்கு தண்ணீர் சேர்ந்துதான் அது நீலமாக இருக்கிறது, அதற்குப் படிக நீர் என்று பெயர். ஆறிய பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சட்டென்று நீலம் திரும்பி வந்தது. குழாய் கையில் இளஞ்சூடாகச் சுட்டது.

கம்மாபுரத்துக்காரி வெகுநேரம் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பாட்டு நேரத்தில், சம்பந்தமே இல்லாமல் கேட்டாள். கொழுந்தன் விஷயம் அவளுக்கு முழுக்கச் சொல்லியிருந்தேன்.

"ஏங்க்கா, மாட்டேன்னு சொல்லத் தெரியலியா? சொல்ல மனசு வரலியா?"

"சொல்லிட்டா போன் வராது" என்றேன்.

சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அதுவரை அப்படி நான் யோசித்ததே இல்லை. இரக்கம், மரியாதை, தயக்கம் என்றெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் ஒப்புக்கு. அந்தக் குரல் வாரம் ஒருமுறை கேட்க வேண்டும் என்பதற்காக ஒரு பிள்ளையின் நம்பிக்கையை நான் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் இந்த வேலையை நம்பி வேறெங்கும் மனுப் போடாமல் இருந்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் "பாக்கலாம்" என்றேன். கம்மாபுரத்துக்காரி ஊறுகாயை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

பரீட்சை எழுதினேன். கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக என்று ஒரு கேள்வி வந்தது. சிரித்துக்கொண்டே எழுதினேன். பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ரிசல்ட் வந்தது, தேறியிருந்தேன். பெரிய மார்க் ஒன்றும் இல்லை. கம்மாபுரத்துக்காரி ஆறு மார்க்கில் கோட்டை விட்டாள். செய்முறையில் என்னைவிட அவள்தான் கெட்டி. எனக்குச் சோற்றில் கை போகவில்லை. நான் போன் செய்தபோது அவள்தான் என்னைத் தேற்றினாள். "அடுத்த தபா எழுதிக்கறேங்க்கா. நீ போயி மனுவக் குடு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு போன் வந்தது. கனைப்பு. "மதினி, நல்லாருக்கீகளா?"

"தம்பி, நான் பாஸாயிட்டேன். நானே வேலைக்குப் போறேன். கையெழுத்துப் போட மாட்டேன். முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு" என்றேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மூச்சு விட்டால் "பாக்கலாம்" வந்துவிடும் என்று பயம்.

அவன் கோபப்படவில்லை. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மதினி" என்றான். அவ்வளவுதான். வைத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அத்தை உறவுக்காரர்களிடம் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்பது என் காதுக்கு வந்தது. அதை எழுத மாட்டேன். அவர் மகனைப் பறிகொடுத்தவர்.

மனு கொடுத்து, நடையாய் நடந்து, ஒருவழியாக வேலை வந்தது. தண்ணீரைச் சோதிக்கிற ஒரு லேபில் உதவியாள். கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்க வேண்டும், பாட்டில்களில் பெயர்ச் சீட்டு ஒட்ட வேண்டும். சேர்ந்த அன்று நிரப்பச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்கள். பழைய கிளார்க்தான் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்தார். பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி எல்லாம் எழுதினேன். கல்வித் தகுதியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன். அடுத்த கட்டத்தில், அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டிய உறவினர் யார், என்ன உறவு, போன் நம்பர் என்ன என்று கேட்டிருந்தது.

பேனா நின்றுவிட்டது. அப்பா, அம்மா போய்ச் சேர்ந்தாயிற்று. கூடப் பிறந்தவர்கள் இல்லை. அந்தக் கட்டத்தை என் வீட்டுக்காரர் தன் படிவத்தில் என் பெயரால் நிரப்பியிருந்தார். அவசரம் வந்தபோது தெரிவிக்க வேண்டிய தேவையே இல்லாமல் நான் பத்தடி தூரத்தில் டிபன் பாக்ஸோடு நின்றேன். எனக்கு ஒன்று ஆனால் யாருக்குச் சொல்வார்கள்?

"யாரையாவது போடுங்கம்மா, காலியா விடக்கூடாது" என்றார் கிளார்க்.

கொழுந்தன் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் கணவரின் தம்பி என்று எழுதினேன். நம்பர் மனப்பாடமாக வந்தது. என்னால் வாய்ப்புக் கெட்டுப்போனவன் பெயரையே எழுதுகிறேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் அடித்துவிட்டு எழுத வேறு பெயர் இல்லை. அந்த நாள் முழுக்கப் பாட்டில்களைக் கழுவும்போது ஒரே நினைப்பு. கேட்காமல் எழுதிவிட்டோம், சொல்லியாவது விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தேன். குளித்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு, பத்து மணிக்கு நானே போன் செய்தேன். அத்தனை மாதத்தில் நானாக அவனுக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைக்கும்போது எடுத்தான். பின்னால் டிவி சத்தம் கேட்டது, அத்தை இருமுவது கேட்டது. தொண்டையைக் கனைத்தான்.

"யாரு?" என்றான்.

என் நம்பரை அழித்திருக்கிறான். அந்தக் குரல் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. கேட்கிறவள் எப்போதும் நான்தான்.

"நாந்தான்" என்றேன்.

டிவி சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை "நாந்தான்" என்றேன். வேற யாரு வரப்போறா என்று சேர்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.